குழந்தையின் சிந்தனை எப்படி வளர்கிறது? பிறப்பு முதல் ஏழு வயது வரை வீட்டிலேயே கவனித்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

1920-ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரிடம் எளிய பணி ஒன்று ஒப்படைக்கப்பட்டது. இங்கிலாந்தில் உருவான பகுத்தறிவுச் சோதனை வினாக்களைப் பிரெஞ்சுக் குழந்தைகளிடம் கேட்டு, எந்த வயதினர் எத்தனை வினாக்களுக்குச் சரியாக விடை சொல்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். ழான் பியாஜே என்ற அந்த இளைஞரின் கவனம் தவறான விடைகளின் பக்கம் திரும்பியது. ஏறத்தாழ ஒரே வயதுக் குழந்தைகள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே மாதிரியாகத் தவறு செய்ததை அவர் கண்டார். அறியாமையினால் மட்டும் நேரும் தவறு என்றால் அது பல திசைகளில் சிதறியிருக்க வேண்டும். ஒரே திசையில் போகிறதென்றால் அதன் பின்னால் ஒரு சிந்தனை முறை இருக்க வேண்டும். அந்த முறையைத் தேடியே அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். தம் மூன்று குழந்தைகளையும் தொட்டில் பருவத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தார்.

இந்த வழிகாட்டியும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. குழந்தை தவறாகச் சொன்ன ஒரு விடையைத் திருத்துவதற்கு முன், அந்த விடைக்கு அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்டறியும் பழக்கத்தைப் பெற்றோரும் பாட்டி தாத்தாவும் அங்கன்வாடிப் பணியாளரும் பெற வேண்டும் என்பதே இதன் நோக்கம். கீழே வரும் படிகளில் உள்ள சிறு செயல்கள் எல்லாம் வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடியவை. குறிப்பிடப்படும் வயதுகள் தோராயமானவை. ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் ஆறு மாதமோ ஓராண்டோ முன்பின் இருப்பது முற்றிலும் இயல்பு.

முதல் படி: ஆயத்தம்

குழந்தை தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, விளையாட்டு மனநிலையில் இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். விருந்தினர் முன்னிலையில் இவற்றைச் செய்ய வேண்டாம். அங்கே குழந்தை சிந்திப்பதற்குப் பதிலாக, பெரியவர்களுக்கு எந்த விடை பிடிக்கும் என்று முகங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். அண்ணனோ அக்காவோ அருகில் நின்று விடையை எடுத்துக்கொடுக்கும் சூழலும் உதவாது.

கேள்வி கேட்ட பிறகு காத்திருங்கள். நம்மில் பெரும்பாலோர் இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிறோம் அல்லது விடையை நாமே சொல்லிவிடுகிறோம். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். விடை வந்ததும், அது சரியானாலும் தவறானாலும், அதே குரலில் “உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று கேளுங்கள். “ஏன் அப்படிச் சொன்னே?” என்று கேட்பதைவிட இது மேல், ஏனெனில் “ஏன் கொட்டினே?”, “ஏன் அடிச்சே?” என்று வசையோடு வரும் கேள்வியையே குழந்தை அதிகம் கேட்டிருக்கும். அது சொன்ன சொற்களை அப்படியே, பேச்சுத் தமிழிலேயே, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ‘சரி’, ‘தவறு’ என்று எழுதுவதால் பிற்பாடு எதுவும் தெரியாது. அது சொன்ன காரணமே நமக்கு வேண்டியது.

இரண்டாம் படி: கண்ணுக்கு மறைந்த பொருள் (முதல் ஆண்டு)

ஐந்து அல்லது ஆறு மாதக் குழந்தை கிலுகிலுப்பையை எடுக்கக் கை நீட்டும்போது அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள். பெரும்பாலும் நீட்டிய கை நின்றுவிடும். குழந்தை வேறு பக்கம் திரும்பிவிடும். ஏறத்தாழ எட்டாவது மாதத்துக்குப் பிறகு அதே குழந்தை துண்டை இழுத்துப் பொருளை எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருந்துகொண்டிருக்கிறது என்ற அறிவு இந்த இடைவெளியில்தான் உருவாகிறது என்று பியாஜே கருதினார்.

எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னொரு விந்தையைக் காணலாம். இரண்டு துண்டுகளை விரித்து, பொருளை முதல் துண்டுக்கடியில் சில முறை ஒளித்து எடுக்கவிடுங்கள். பிறகு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் துண்டுக்கடியில் ஒளியுங்கள். பல குழந்தைகள் மீண்டும் முதல் துண்டையே தூக்கிப் பார்க்கும். கண் கண்டதைவிடக் கை பழகியது வலுவாக இருக்கும் பருவம் அது.

ஆயினும் கை எட்டாததால் அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. 1985-இல் ரெனே பெயார்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் ஆகியோர் ஐந்து மாதக் குழந்தைகளின் பார்வையை அளந்தனர். ஒரு பலகை பின்னோக்கிச் சாயும். அதன் பின்னால் ஒரு பெட்டி இருக்கும். பெட்டியில் முட்டி நிற்க வேண்டிய பலகை, பெட்டியே அங்கு இல்லாததுபோல் முழுவதும் சாய்ந்தபோது குழந்தைகள் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தனர். நடக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது என்ற வியப்பாக அதை ஆய்வாளர்கள் விளக்கினர். அந்த விளக்கத்தை மறுத்து, புதுமையான அசைவைப் பார்க்கும் ஆர்வமாகவும் அது இருக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. குழந்தைக்கு ஒன்று தெரிந்திருப்பதும், தெரிந்ததைக் கொண்டு அது செயல்படுவதும் வெவ்வேறு காலத்தில் முதிரக்கூடும் என்ற பாடம் இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் திரும்ப வரும்.

இந்தப் பருவத்துக்கு உரிய விளையாட்டு நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு: முந்தானையால் முகத்தை மூடி “காணோமே!” என்று சொல்லி, விலக்கி “இதோ!” என்று சிரிப்பது. எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மா அறையை விட்டு நகர்ந்தாலே குழந்தை அழத் தொடங்குவதற்கும் இந்த வளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கிறது. போனவர் எங்கோ இருக்கிறார் என்று தெரிகிறது. எப்போது வருவார் என்று தெரியவில்லை. ஆகவே குழந்தை பார்க்காதபோது நழுவிச் செல்வதைவிட, சொல்லிவிட்டுச் சென்று, சொன்னபடி திரும்பி வருவது நல்லது.

மூன்றாம் படி: ஒன்று இன்னொன்றாக நிற்பது (ஒன்றரை முதல் மூன்று வயது)

ஒன்றரை வயதையொட்டிக் குழந்தை காலிக் கிண்ணத்திலிருந்து பொம்மைக்குச் சோறு ஊட்டும்; ரிமோட்டைக் காதில் வைத்துப் பேசும். சொப்புச் சாமானில் மணலைப் போட்டுப் பொங்கல் வைக்கும்போது, மணல் மணலாகவும் இருக்கிறது, அரிசியாகவும் இருக்கிறது என்ற இரட்டை அறிவைக் குழந்தை ஒரே நேரத்தில் கையாள்கிறது. சொல்லும் படமும் எழுத்தும் எண்ணும் இதே திறன்மேல்தான் எழுகின்றன. எனவே “இது மண்ணுடா, வாயில வைக்காதே” என்பதோடு நிறுத்தாமல், “எனக்குக் கொஞ்சம் பொங்கல் போடு” என்று இலையை நீட்டுங்கள்.

இந்தத் திறன் எவ்வளவு விரைவாக முதிர்கிறது என்பதை ஜூடி டிலோச் 1987-இல் காட்டினார். ஓர் அறையின் சிறிய மாதிரியில் குட்டிப் பொம்மையை ஒளித்துவைத்து, பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது என்று குழந்தைகளிடம் சொன்னார். மூன்று வயதினர் நேரே அந்த இடத்துக்குப் போனார்கள். இரண்டரை வயதினர், குட்டிப் பொம்மை எங்கே என்பதை மறக்கவில்லை என்றாலும், பெரிய அறையில் திகைத்து நின்றார்கள். வீட்டில் ஓர் அட்டைப் பெட்டியை அறையாக்கி, தீப்பெட்டிகளைக் கட்டிலும் அலமாரியும் ஆக்கி இதைச் செய்து பார்க்கலாம்.

திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது பொருத்தம். 1998-இல் ஜார்ஜீன் டிராசெத்தும் டிலோச்சும், அடுத்த அறையில் பொம்மை ஒளிக்கப்படுவதை இரண்டு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினர். சன்னல் வழியே பார்த்த குழந்தைகள் எளிதாகக் கண்டுபிடித்தனர். அதே காட்சியைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்தவர்களில் பலரால் முடியவில்லை. திரையில் தெரிவது உண்மையான அறையைக் குறிக்கிறது என்ற இணைப்பு அந்த வயதில் இன்னும் உறுதிப்படவில்லை. கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டினால் குழந்தை சொற்களையும் நிறங்களையும் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இது போதுமான மறுமொழி. இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது காணொளியில் பேசுவது தவிரத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்துகிறது.

நான்காம் படி: எண் சொல்வதும் எண்ணிக்கை அறிவதும் (மூன்று முதல் நான்கரை வயது)

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை தட்டுத் தடங்கலின்றிச் சொல்வதைக் கேட்டு நாம் பூரித்துப் போகிறோம். அந்தக் குழந்தையிடம் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, “பாட்டிக்கு நாலு கொடு” என்று கேளுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுப்பதைக் காண்பீர்கள். கொடுத்ததை எண்ணச் சொன்னால் “ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு” என்று பிழையின்றி எண்ணும், “நாலு இருக்கா?” என்றால் “இருக்கு” என்று தலையாட்டும்.

கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் இந்த எளிய வேண்டுகோளைக் கொண்டே குழந்தைகளின் எண்ணறிவை ஆராய்ந்தார். முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருள் மட்டும் புரிகிறது. சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’. இன்னும் சில மாதங்கள் கழித்து ‘மூன்று’. பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டி, எண்ணும்போது கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தம் என்ற தெளிவு பிறக்கிறது. அதன்பின் ஐந்தும் ஆறும் ஏழும் தனித்தனியே கற்க வேண்டியவை அல்ல. எண்ணத் தெரிந்த எல்லை வரை எல்லாம் பிடிபட்டுவிடுகின்றன.

ஆகவே, நூறு வரை ஒப்பிக்கவைப்பதில் இந்தப் பருவத்தைச் செலவிடாதீர்கள். தட்டுக்கு ஒரு டம்ளர் என்று வைக்கச் சொல்லுங்கள். “நம்ம வீட்டுல நாலு பேர், நாலு ஸ்பூன் எடுத்துட்டு வா” என்று அனுப்புங்கள். மூன்று கொண்டு வந்தால் “தப்பு” என்று சொல்லத் தேவையில்லை. பரிமாறும்போது ஒருவருக்கு ஸ்பூன் இல்லாமல் போவதே குழந்தைக்குப் பிழையைக் காட்டிவிடும். பல்லாங்குழி இதற்கென்றே அமைந்ததுபோன்ற விளையாட்டு. குழிக்கு ஒரு காய் என்று போட்டுக்கொண்டே போகும்போது, ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் விரல் நுனியில் ஏறுகிறது.

ஐந்தாம் படி: இரண்டு டம்ளர்கள் (நான்கு முதல் ஏழு வயது)

பியாஜேயின் சோதனைகளிலேயே மிகவும் புகழ்பெற்றதும் மிகவும் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளர்களும், அவற்றைவிட ஒல்லியாகவும் உயரமாகவும் உள்ள மூன்றாவது ஒன்றும் வேண்டும். எவர்சில்வர் டம்ளர் உதவாது. நீர்மட்டம் வெளியே தெரிய வேண்டும். நீரில் சிறிது மஞ்சள் கரைத்தால் மட்டம் நன்றாகத் தெரியும். முதல் இரண்டு டம்ளர்களிலும் சம அளவு ஊற்றி, “ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கா?” என்று கேளுங்கள். குழந்தை ஒப்புக்கொள்ளும் வரை சொட்டுச் சொட்டாகச் சரிசெய்யுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் சோதனைக்குப் பொருளே இல்லை. பிறகு அதன் கண்முன்னே ஒரு டம்ளரின் நீரை உயரமான டம்ளருக்கு மாற்றி, “இப்போ எப்படி இருக்கு? ஒரே அளவா, இல்ல ஏதாவது ஒண்ணுல நிறைய இருக்கா?” என்று கேளுங்கள்.

நான்கரை வயதில் உரையாடல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“இதுலதான் நிறைய இருக்கு.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“இது இம்புட்டு மேல வந்திருச்சுல்ல!”

உயரத்தைக் கண்ட கண் அகலத்தைக் காண மறுக்கிறது. இரண்டு அளவுகளை ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வதும், ஊற்றிய நீரைத் திருப்பி ஊற்றினால் பழையபடியே இருக்கும் என்று மனத்துக்குள் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதும் இன்னும் கைவரவில்லை. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற இந்த அறிவை மாறாத் தன்மை என்று கல்வியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆறு, ஏழு வயதில் அதே குழந்தை மூன்று வகையான காரணங்களுள் ஒன்றைச் சொல்லத் தொடங்கும். “புதுசா எதையும் ஊத்தலையே” என்பது ஒன்று. “திருப்பி ஊத்தினா அதே அளவுதான் வரும்” என்பது இரண்டாவது. “இது உசரம், ஆனா ஒல்லி” என்பது மூன்றாவது. எந்தக் காரணம் முதலில் வந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஒரே அளவு’ என்ற விடையைவிட அந்தக் காரணமே வளர்ச்சியின் அடையாளம்.

எல்லா அளவுகளிலும் இது ஒரே நாளில் வந்துவிடாது. வரிசையாக வைத்த பொத்தான்களை நெருக்கி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது முதலில் புரியும். சப்பாத்தி மாவு உருண்டையைத் தட்டையாக்கினாலும் மாவின் அளவு மாறாது என்பதும் நீரின் அளவும் அதன் பிறகு. மாவின் எடை மாறாது என்பது இன்னும் பிந்தி. இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை கூட்டல் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு எடை பற்றிய கேள்வியில் தடுமாறுவது வியப்பளிக்காது.

இனி, சோதனை எங்கே தவறாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் ஒரு முறையும் ஊற்றிய பின் ஒரு முறையும் நாம் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். பெரியவர் ஒருவர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்ன விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்று குழந்தை எடுத்துக்கொள்ளக்கூடும். சூசன் ரோஸும் மரியன் பிளாங்கும் 1974-இல், மாற்றிய பிறகு மட்டும் ஒரே முறை கேள்வி கேட்டபோது, ஆறு வயதினர் கூடுதலாகச் சரியான விடை சொன்னதைக் கண்டனர். அதே 1974-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் இன்னும் அழகான ஒரு மாற்றத்தைச் செய்தனர். இரு வரிசைகளில் அடுக்கிய வில்லைகளைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்துவிடும். வரிசையின் நீளம் மாறும். பெரியவர் எதையும் மாற்றவில்லை. வழக்கமான முறையில் தோற்ற நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பலர் இப்போது எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டுக் கேள்வி கேட்டால், அந்த மாற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எண்ணுவதும் நியாயமான சிந்தனைதானே.

ஆகவே வீட்டில் இரு முறைகளிலும் செய்து பாருங்கள். ஒரு நாள் நீங்கள் ஊற்றுங்கள். இன்னொரு நாள் ஒரு பொம்மைக் குரங்கு வந்து ‘தட்டிக் கலைத்துவிட்டு’ ஓடட்டும். இரண்டிலும் விடை வேறுபட்டால், குழந்தைக்கு அறிவு வந்துகொண்டிருக்கிறது, கேள்வியின் வடிவம் அதை மறைத்தது என்று பொருள். ஒரே ஒரு கேள்விக்குச் சொன்ன விடையை வைத்து “இவனுக்குப் புரியாது” என்று எந்தக் குழந்தையையும் முத்திரை குத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

சரியான விடையைச் சொல்லிக்கொடுத்து இந்தப் படியை விரைவாகக் கடக்க வைக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. “ஒரே அளவு” என்ற சொல்லை ஒரே நாளில் கற்பித்துவிடலாம். காரணம் கேட்டால் மௌனம்தான் வரும். குளியலறையில் ஒரு வாளியும் இரண்டு மூன்று வடிவப் பாத்திரங்களும் கொடுத்து ஊற்றி விளையாடவிடுவதே சிறந்த பாடம்.

ஆறாம் படி: பிஸ்கட் டப்பாவுக்குள் ஊசி நூல் (மூன்று முதல் ஐந்து வயது)

பல வீடுகளில் வட்டமான பிஸ்கட் டப்பாவுக்குள் பிஸ்கட் இருக்காது. ஊசியும் நூல்கண்டும் பொத்தானும்தான் இருக்கும். பிறர் மனத்தைக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று அறிய இதைவிட நல்ல கருவி இல்லை. ஊசிகளை எடுத்துவிட்டு நூல்கண்டுகளை மட்டும் வையுங்கள். உள்ளே இருப்பது தெரியாத குழந்தையிடம் டப்பாவைக் காட்டி, “இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேளுங்கள். “பிஸ்கட்!” என்று சொல்லும். திறந்து நூல்கண்டைக் காட்டி, மீண்டும் மூடிவிட்டு, “இதைப் பார்க்காத மாமா இப்போ வந்தா, உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பாங்க?” என்று கேளுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் “நூல்” என்றே சொல்லும். தனக்குத் தெரிந்தது மாமாவுக்கும் தெரிந்திருக்கும் என்பது அதன் கணக்கு. “நீ முதல்ல என்ன இருக்குன்னு நினைச்சே?” என்று கேட்டால், சற்று முன் தன் வாயால் “பிஸ்கட்” என்று சொன்னதையே மறுத்து, “நூல்னு நினைச்சேன்” என்று உறுதியாகச் சொல்வதும் உண்டு. அது பொய் பேசவில்லை. ஒரு மனம் உண்மைக்கு மாறான ஒன்றை நம்பியிருக்க முடியும் என்ற கருத்தே இன்னும் உருவாகவில்லை. நான்கு, ஐந்து வயதில் “மாமா பிஸ்கட்னு நினைப்பாங்க, ஏமாந்து போவாங்க!” என்று சிரிப்போடு பதில் வரும்.

ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983-இல் இவ்வகைச் சோதனைக்கு வழிவகுத்தனர். அவர்கள் கதையில் மாக்சி என்ற சிறுவன் ஓரிடத்தில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போவான். அவன் இல்லாதபோது அம்மா அதை இடம் மாற்றுவார். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான் என்பதே கேள்வி. 2005-இல் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளிடம் ஒரே வகைச் சோதனையைச் செய்து பார்த்த ஆய்வில், மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இந்தத் தெளிவு பிறப்பது ஐந்து இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

வீட்டில் மனத்தைப் பற்றிய பேச்சு மிகுந்தால் இந்தத் தெளிவுக்கு அது துணை செய்கிறது. கதை சொல்லும்போது பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். “நரி பாடச் சொன்னப்போ காக்கா என்ன நினைச்சுது? நரி மனசுல என்ன இருந்துச்சு?” என்று ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டாலே போதும். நாலு வயதுக்கு மேல் குழந்தை சொல்லும் பொய்களும் இந்த வளர்ச்சியோடு தொடர்புடையவை. கண்டிக்கலாம், ஆனால் கலங்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: காரணம் தேடும் மனம்

“மழை ஏன் பெய்யுது?” என்று கேட்டால் நான்கு வயதுக் குழந்தை “செடிக்குத் தண்ணி வேணும்ல” என்று சொல்லும். எல்லாம் ஏதோ ஒரு பயனுக்காகவே இருக்கின்றன என்ற இந்த எண்ணப்போக்கு பல ஆண்டுகள் தொடரும். உடனே ஆவியாதலையும் மேகத்தையும் விளக்க முற்படாதீர்கள். “செடியே இல்லாத கடல்மேலயும் மழை பெய்யுதே, அது எதுக்கு?” என்று கேளுங்கள். தன் விளக்கத்துக்குள் அடங்காத ஒரு செய்தியைச் சந்திக்கும்போதுதான் குழந்தை தன் விளக்கத்தை மறுபடி பார்க்கிறது.

சாட்சியங்களைக் கொண்டு முடிவுக்கு வரும் திறன் நாம் நினைப்பதைவிட முன்பே இருக்கிறது. அலிசன் கோப்னிக்கும் டேவிட் சோபலும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சில கட்டைகளை மேலே வைத்தால் மட்டும் ஒளிர்ந்து இசைக்கும் பெட்டி ஒன்று பயன்பட்டது. கட்டையின் நிறமும் வடிவமும் வேறாக இருந்தாலும், பெட்டியை இயக்கியது எதுவோ அதன் அடிப்படையில் மூன்று, நான்கு வயதினர் கட்டைகளை வகைப்படுத்தினர்.

ஆனால் பெரியவர்களின் விளக்கம் இந்தத் தேடலை அடைத்துவிடவும் கூடும். எலிசபெத் போனவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பல மறைவான செயல்கள் கொண்ட பொம்மை ஒன்று குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. “இது இப்படித்தான் வேலை செய்யும்” என்று ஒரு செயலைக் கற்றுக்கொடுத்தபோது, குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்து நிறுத்திக்கொண்டனர். தற்செயலாக நேர்ந்ததுபோல் காட்டியபோது மற்றச் செயல்களையும் தேடிக் கண்டுபிடித்தனர். புதுப் பொருள் ஒன்றைக் கொடுக்கும்போது முதல் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருங்கள் என்பதே இதிலிருந்து எடுக்க வேண்டிய நடைமுறை.

தருக்க முறைப்படி முடிவு காண்பது சிறு குழந்தைகளுக்கு இயலாது என்றும் சொல்லப்பட்டு வந்தது. மரியா டயஸும் பால் ஹாரிஸும் 1988-இல் இதை மாற்றிக் காட்டினர். “எல்லாப் பூனையும் குரைக்கும், ரெக்ஸ் ஒரு பூனை, ரெக்ஸ் குரைக்குமா?” என்று வெறுமனே கேட்டால் குழந்தை “பூனை மியாவ்னுதான் சொல்லும்” என்று தனக்குத் தெரிந்த உண்மையை வைத்தே பதில் சொல்லும். வேறோர் உலகத்துக் கதையாக, பாவனைக் குரலில் சொன்னால், நான்கு முதல் ஆறு வயதினர் “குரைக்கும்” என்று சரியான முடிவுக்கு வந்தனர். “எல்லாமே தலைகீழா இருக்கிற ஒரு ஊரு, அங்க மீனெல்லாம் மரத்துலதான் இருக்கும்” என்று தொடங்கி உங்கள் குழந்தையோடு விளையாடிப் பாருங்கள்.

எட்டாம் படி: மனத்தை நிறுத்திப் பிடித்தல்

சிவப்பு, நீலம் என்று நிறப்படி பிரித்த சீட்டுகளை “இனிமே முயல் இங்க, படகு அங்க” என்று உருவப்படி பிரிக்கச் சொன்னால், மூன்று வயதுக் குழந்தை புது விதியை வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டே கையால் பழையபடி நிறத்தை வைத்துப் பிரிக்கும். ஃபிலிப் செலாசோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த சோதனை இது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலோர் இதைக் கடந்துவிடுகின்றனர். கீழ்ப்படியாமை என்று நாம் கோபிக்கும் பல தருணங்களில் நடப்பது இதுதான்.

இதற்குப் பயிற்சித்தாள் வேண்டாம். கல்லா மண்ணா விளையாட்டில் ‘எது இப்போது தடை’ என்பதை மனத்தில் வைத்தபடியே ஓட வேண்டும். ஓடிப்பிடிக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு விளையாடும் குழந்தையை “என்ன உளர்றே?” என்று தடுக்காதீர்கள். உரக்கப் பேசும் அந்தப் பேச்சே நாளடைவில் உள்ளே அடங்கிச் சிந்தனையாகிறது என்று உருசிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி விளக்கினார்.

முன்னால் வைத்த ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று சொல்லி, காத்திருக்கும் திறனை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கும் மிட்டாய்ச் சோதனையைப் பலரும் அறிவர். 2018-இல் பெரிய அளவில் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பச் சூழலையும் ஆரம்பகாலத் திறன்களையும் கணக்கில் கொண்டபின் அந்தத் தொடர்பு மிகவும் சிறுத்துப்போனது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சொன்ன பொருளைக் கொண்டு வராமல் ஏமாற்றிய பெரியவர் முன்னால் குழந்தைகள் மிகக் குறைவான நேரமே காத்திருந்தனர். நம்ப முடியாத வாக்குக்காகக் காத்திருக்காமல் இருப்பது குழந்தையின் சரியான கணிப்பு. “நாளைக்கு வாங்கித் தர்றேன்” என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எந்த அளவுக்கு உதவுவது

குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் ஒருவர் உடனிருந்தால் செய்யக்கூடியதற்கும் இடையே ஒரு வெளி உண்டு. கற்பித்தல் அந்த வெளியில்தான் நடக்க வேண்டும் என்பது வைகாட்ஸ்கியின் கருத்து. 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 21 மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டும்போது ஆசிரியர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்தனர். கட்டடம் எழும் வரை நிற்கும் சாரத்துக்கு அந்த உதவியை ஒப்பிட்டனர்.

படத்துண்டுகளைப் பொருத்தி ஒரு படமாக்கும்போதோ சட்டைப் பொத்தான் போடும்போதோ இதை இவ்வாறு கடைப்பிடியுங்கள். திணறினால் முதலில் “அடுத்து என்ன பண்ணலாம்?” என்று மட்டும் கேளுங்கள். போதவில்லை என்றால் “ஓரத்துல இருக்கிற துண்டைத் தேடு” என்று இன்னும் குறிப்பாகச் சொல்லுங்கள். அதுவும் போதவில்லை என்றால் சரியான துண்டைக் காட்டுங்கள்; அதற்குப் பிறகே ஒன்றை மட்டும் செய்து காட்டுங்கள். வென்றவுடன் அடுத்த முறை ஒரு படி பின்வாங்குங்கள். அவசரமான காலை வேளையில் இது முடியாது. மாலையில் ஒரு செயலுக்கு மட்டுமாவது இந்தப் பொறுமையைக் கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்

இதுவரை சொன்ன சோதனைகளில் எதிலும் பின்தங்குவது நோயின் அறிகுறி அல்ல. கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பன்னிரண்டு மாதமாகியும் மழலை ஒலிகளோ கை காட்டிக் கேட்பதோ இல்லாதிருத்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதிருத்தல், பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராதிருத்தல், இரண்டு வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாதிருத்தல் ஆகியவை அவை. எந்த வயதிலும், வந்த பேச்சோ பழகிய செயலோ மறைந்துபோவது உடனடியாகக் காட்ட வேண்டியது. முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சிந்தனைக் குறை என்று எண்ணப்பட்டது காது கேளாமையாக இருந்த குழந்தைகள் உண்டு.

2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களும் பரிசோதிக்கப்படுகின்றன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் அவர்கள் பரிந்துரைக்கும் குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் கட்டணமின்றிப் பயிற்சியும் சிகிச்சையும் கிடைக்கின்றன. “பேச்சு தானா வந்துரும், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்ற உறவினரின் ஆறுதலை நம்பி ஓராண்டைக் கடத்துவதைவிட, நோட்டில் தேதியோடு எழுதிவைத்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு அந்த மையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ ஒரு முறை போய்க் கேட்டுவிடுவது நல்லது. குழந்தை என்ன சொன்னது, என்ன செய்தது, எந்த மாதத்தில் என்ற விவரம் கையில் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகிவிடும்.